உமிக்கரி, சிலிகேட் பாட்டில், பனியன் துணி: கீரைப் பாத்தியில் ஒரு கோடை

எங்கள் அம்மாயி விடிகாலையில், இலையில் பனி காயும் முன்பே, கீரைப் பாத்தியில் அடுப்புச் சாம்பல் தூவுவார். அசுவினி அண்டாது, புழு கூடு கட்டாது என்பார். அந்தச் சாம்பலில் சிலிக்கா இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் போன வருடம் வரை தெரியாது.

காங்கேயம் பக்கத்தில் 12 சென்ட்டில் கீரை போடுகிறேன். சிறுகீரை, அரைக்கீரை, பாலக், கொஞ்சம் வெந்தயக்கீரை. விடிகாலை வண்டி ஏற்றித் திருப்பூர் உழவர் சந்தைக்குப் போகும். மாசி பிறந்தால் தொல்லை ஆரம்பித்துவிடும். எங்கள் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். வெயில் ஏற ஏற இலை ஓரம் கருகும், ஒன்பது மணிக்கே கட்டு துவண்டு தலையைத் தொங்கப் போடும். தண்ணீர் தெளித்துத் தெளித்து விற்றால் சாயங்காலம் அழுகிய இலை மிஞ்சும். இதைச் சொல்லப் போனபோதுதான் மருந்துக்கடையில் ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்கள். பொட்டாசியம் சிலிகேட், அதாவது சிலிக்காவும் பொட்டாஷும் கரைந்த திரவம். இலை தடிக்கும், வெயில் தாங்கும், மண்ணில் நுண்ணுயிர் பெருகும், எடை கூடும் என்று நான்கு வாக்குறுதி. வாங்கி வந்துவிட்டேன். ஆனால் தோட்டம் முழுக்க ஊற்ற மனம் வரவில்லை. கீரை சமைத்துச் சாப்பிடுகிற பொருள். அதில் எதை ஊற்றினாலும் ஏன் ஊற்றுகிறேன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் 15 பாத்தி ஒதுக்கிப் பார்த்தேன். அந்தப் பதிவு இது.

முதலில் அடிப்படை. மண்ணில் ஆக்ஸிஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது சிலிக்கான்தான். இரண்டும் சேர்ந்ததுதான் சிலிக்கா, மணல் முழுக்க அதுதானே. ஆனால் மணலாக இருக்கும் சிலிக்காவைச் செடியால் தொடக்கூட முடியாது. தண்ணீரில் கரைந்து மோனோசிலிசிக் அமிலமாக ஆனால்தான் வேர் உறிஞ்சும். உறிஞ்சுவதிலும் பயிருக்குப் பயிர் வேறுபாடு உண்டு. நெல் வேரில் இதை இழுப்பதற்கென்றே ஒரு வாசல் இருப்பதை ஜப்பானில் ஜியான் ஃபெங் மா என்பவரின் குழு 2006-ல் கண்டுபிடித்தது. அந்த வாசல் இருப்பதால்தான் நெல்லின் காய்ந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சிலிக்கா சேரும். வைக்கோல் கையை அறுப்பதும் உமி சொரசொரப்பதும் அதனால்தான். வெள்ளரி நடுத்தரம். கீரை இனங்களில் பெரும்பாலானவை நெல்லின் பக்கத்திலேயே வராது. இந்த ஒரு விஷயம் தெரிந்ததுமே, நெல்லில் சிலிக்கான் போட்டு எடுத்த படத்தைக் காட்டிக் கீரைக்கு விற்பது சரியில்லை என்று பட்டது. என்றாலும் கீரைக்கு ஒன்றுமே செய்யாது என்றும் அடித்துச் சொல்ல முடியாது. உப்பும் வெயிலும் வாட்டும்போது கொஞ்சம் சிலிக்கான்கூடச் செடிக்குத் துணை நிற்கும் என்பதைப் பல பயிர்களில் பார்த்திருக்கிறார்கள்.

என் தம்பி ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். நான் போட்ட திட்டத்தில் நான்கு வகைப் பாத்திதான் இருந்தன. ஒன்றும் போடாதது, உமிக்கரி, அரிசி ஆலைச் சாம்பல், பாட்டில். பார்த்ததும் கேட்டான்:

"அக்கா, பாட்டில்ல சிலிக்காவோட பொட்டாஷும் இருக்குதல்ல? கீரை நல்லா வந்தா எதுனால வந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவ?"

அவன் சொன்னதால் ஐந்தாவது வகை சேர்ந்தது. பாட்டிலில் எவ்வளவு பொட்டாஷ் போகிறதோ அதே அளவை வெறும் பொட்டாசியம் சல்பேட்டாகக் கொடுக்கும் பாத்தி. ஐந்து வகை, வகைக்கு மூன்று பாத்தி, ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர். எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி வைத்தோம். தென்னை நிழல் விழும் ஓரம் ஒரே வகைக்குப் போய்விடக் கூடாது. எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு மக்கிய மாட்டெரு.

உமிக்கரி தயாரித்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான். காங்கேயத்தில் அரிசி ஆலைக்குப் பஞ்சமில்லை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை எரித்தால் மறுபடி ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. ஆனால் எரியும் சூடு முக்கியம். சுமார் 700 டிகிரிக்குள் எரிந்தால் சிலிக்கா ஒழுங்கில்லாத வடிவத்தில், ஓரளவு கரையக்கூடியதாக நிற்கும். அதற்கு மேல் போகப் போகப் படிகமாக இறுகும், கரைவது பெரிதும் குறைந்துவிடும். கொதிகலனில் வெந்து வெளுத்த சாம்பலுக்கும், வீட்டில் மெதுவாகக் கருக்கிய உமிக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

பழைய 15 கிலோ எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்து, நான்கு பக்கமும் ஆணியால் நெருக்கமாக ஓட்டை போட்டேன். மேலே ஓர் ஆள் உயரத் தகரக் குழாய், புகைபோக்கியாக. டின்னுக்குள் தென்னை மட்டைத் துண்டும் பாளையும் போட்டுப் பற்றவைத்து, சுற்றிலும் உமியைக் குன்று போலக் குவித்தேன். தீ வெளியே தெரியாது. உள்ளே இருந்து வெளியே கருப்பு மெல்ல மெல்லப் பரவும். குவியலின் மேல்தோலில் கரும்புள்ளி தெரியும் இடத்தில் புது உமியை அள்ளிப் போட வேண்டும், கருகியதை மண்வெட்டியால் புரட்ட வேண்டும். இரண்டு மூட்டை உமிக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். காற்றில்லாத நாளாகப் பாருங்கள். காற்றடித்தால் ஒரு பக்கம் சாம்பலாகவும் மறுபக்கம் பச்சையாகவும் நிற்கும்.

முழுக்கக் கருத்ததும் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். முதல் தடவை மேலாக நான்கு குடம் ஊற்றிவிட்டு, அணைந்துவிட்டது என்று போய்ப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் பாதிக் குவியல் வெள்ளைச் சாம்பல். உள்ளே இருந்த கங்கு ராத்திரி முழுக்கத் தின்றிருக்கிறது. அடுத்த தடவை மெல்லியதாகப் பரப்பி, ஊற்றி, புரட்டி, மறுபடி ஊற்றி, கையை உள்ளே விட்டுச் சூடில்லை என்று பார்த்த பிறகுதான் விட்டேன். நல்ல உமிக்கரி உமியின் வடிவம் கெடாமல் கருப்பாக இருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும்.

ஆலைச் சாம்பல் இலவசமாகவே கிடைத்தது. வெளிர் சாம்பல் நிறம், மாவு போல நைசு. இதை அள்ளும்போது தயவுசெய்து நல்ல முகக்கவசம் போடுங்கள், முதலில் தண்ணீர் தெளித்து நனையுங்கள். படிகச் சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. கல்குவாரியில் வேலை செய்பவர்களுக்கு வரும் அதே நோய்க்கு இதுவும் காரணமாகலாம். துண்டைச் சுற்றிக்கொண்டால் போதாது.

கரி, சாம்பல் இரண்டும் சதுர மீட்டருக்கு அரைக் கிலோ வீதம் போட்டு, விரல் நீள ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, மூன்று நாள் தண்ணீர் விட்டு ஆறப் போட்டேன்.

இனி பாட்டில். லேபிளில் லிட்டருக்கு 2 மில்லி என்று இருந்தது. போர் தண்ணீரில் ஊற்றினேன். சில நிமிடத்தில் வாளி முழுக்கப் பால் கலந்த மாதிரி மங்கிப் போனது. அடியில் வெள்ளைப் படிவு. பாட்டில் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பி வந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் பாட்டில் திரவத்தைக் கொஞ்சம் ஊற்றி, அதில் வினிகர் விட்டுக் கலக்கினான். கண் முன்னே ஜெல்லியாக இறுகியது. புதுச் செருப்புப் பெட்டியில் ஈரம் உறிஞ்சப் போடும் சிறு பொட்டலம் இருக்கிறதே, அது பிறப்பது இப்படித்தான். பொட்டாசியம் சிலிகேட் கடுமையான காரம். காரத்தில் நிறையச் சிலிக்கா கரைந்து நிற்கும். காரம் இறங்கினால் லிட்டருக்கு 100 முதல் 120 மில்லிகிராம் வரைதான் தாங்கும். மிச்சம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கூழாகும். போதாததற்கு எங்கள் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து வேறு. அது சிலிகேட்டைப் பிடித்துக்கொண்டு படியும்.

கணக்குப் போட்டோம். பாட்டிலில் சிலிக்கா 20 சதவீதம், பொட்டாஷ் 10 சதவீதம். ஒரு மில்லி 1.3 கிராம் நிறுத்தது. லிட்டருக்கு 0.4 மில்லி ஊற்றினாலே 104 மில்லிகிராம் சிலிக்கா வந்துவிடுகிறது. லேபிள் சொன்ன அளவு அதற்கு ஐந்து மடங்கு. அத்தனையும் செடிக்குப் போகாது, வாளியிலும் குழாயிலும் மண்ணின் மேலும் படியும். சொட்டுநீர்க் குழாயில் விடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த அடைப்பு சாதாரண அமிலக் கழுவலுக்கு இளகாது.

ஆகவே பாத்திக்கு 10 லிட்டர் தண்ணீரில் 4 மில்லி, மொத்தம் எட்டு முறை. கூட்டினால் பாத்திக்கு 8 கிராம் சிலிக்கா, 4 கிராம் பொட்டாஷ். பொட்டாஷ் மட்டும் போகும் பாத்திக்கு எட்டு கிராம் பொட்டாசியம் சல்பேட்டை எட்டாகப் பிரித்து அதே நாட்களில். ஜீவாமிர்தம் விடும் நாளில் சிலிகேட் விடவில்லை. புளித்த கரைசலோடு இதைக் கலந்தால் தம்ளரில் பார்த்த கதைதான்.

மாசி கடைசியில் விதைத்தேன். சிறுகீரை, பாத்திக்கு 2 கிராம் விதை, பத்து மடங்கு மணல் கலந்து. எறும்பு இழுக்காமலிருக்கச் சுற்றிலும் நொய் தூவினேன். நான்காம் நாள் முளைப்பு தெரிந்தது. ஆலைச் சாம்பல் பாத்திகளில் மட்டும் சொட்டை சொட்டையாக வந்தது. மண்ணைக் கரைத்துப் பி.எச். பேனாவால் (புளிப்பா காரமா என்று காட்டுவது, 7-க்கு மேல் காரம்) பார்த்தால் வெறும் பாத்தி 7.9, உமிக்கரி 8.2, ஆலைச் சாம்பல் 8.8. ஏற்கெனவே சுண்ணாம்புச் சரளை கலந்த மண் எங்களுடையது. புளிப்பு மண்ணுக்குச் சாம்பல் மருந்து, எங்கள் மண்ணுக்கு அது கூடுதல் சுமை. இதைப் போடும் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

25-ம் நாள் பிடுங்கி, வேர் நறுக்கி நிறுத்தோம். மூன்று பாத்தி சேர்ந்த எடை: ஒன்றும் போடாதது 6.9 கிலோ, வெறும் பொட்டாஷ் 7.4, சிலிகேட் பாட்டில் 7.5, உமிக்கரி 8.0, ஆலைச் சாம்பல் 6.1.

பொட்டாஷுக்கும் பாட்டிலுக்கும் நடுவே இருந்தது 100 கிராம். ஒரே வகையின் மூன்று பாத்திகளுக்குள்ளேயே அதைவிட அதிக வித்தியாசம் இருந்தது. தம்பி சொன்ன அந்த ஐந்தாவது வகை இல்லாமலிருந்தால், "சிலிக்கானால் 600 கிராம் கூடியது" என்று நான் எல்லோரிடமும் சொல்லியிருப்பேன். மனமாரச் சொல்லியிருப்பேன். அது பொய்யாகவும் இருந்திருக்கும். கடைக்காரர் பத்தில் ஒரு பங்குச் செலவில் எனக்குப் பொட்டாஷ் கொடுத்திருக்கலாம்.

ஏன் ஒன்றும் தெரியவில்லை என்ற கேள்வி விடவில்லை. கீரை சிலிக்காவை அதிகம் இழுக்காது என்பது ஒரு பதில். ஆனால் தம்பிக்கு வேறு சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமோனியம் மாலிப்டேட் கரைசலும் கொஞ்சம் அமிலமும் கொண்டுவந்தான். கரைந்த சிலிக்கா இருந்தால் மஞ்சள் நிறம் வரும். பாஸ்பேட்டும் அதே மஞ்சளைக் காட்டும் என்பதால் பிறகு ஆக்சாலிக் அமிலம் விட வேண்டும். பாஸ்பேட்டின் மஞ்சள் கலைந்துவிடும், சிலிக்காவின் மஞ்சள் நிற்கும். குடிக்கிற கேன் தண்ணீரில் நிறமே இல்லை. போர் தண்ணீரை விட்டதும் எலுமிச்சை மஞ்சள், ஆக்சாலிக் விட்ட பிறகும் அப்படியே நின்றது.

திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் சோதித்துக் கொடுக்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆர்.ஓ. சவ்வில் சிலிக்கா படிந்தால் சவ்வே போய்விடும் என்பதால் அவர்கள் இதைத் தவறாமல் பார்ப்பார்கள். ஒன்றில் கொடுத்தோம். லிட்டருக்கு 38 மில்லிகிராம் சிலிக்கா என்று வந்தது. எங்கள் பக்கம் பூமிக்கடியில் கருங்கல் பாறை. பாறைப் பிளவில் வருடக்கணக்கில் ஊறிக் கிடக்கும் தண்ணீர் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே இருக்கிறது.

நாளைக்கு 10 லிட்டர், 25 நாள், 250 லிட்டர். பாத்திக்கு ஒன்பதரைக் கிராம் சிலிக்கா போரிலிருந்தே போயிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பாட்டில் கொடுத்தது எட்டு. "ஒன்றும் போடாத பாத்தி" என்று நான் பலகை எழுதி நட்டது உண்மையில் சிலிக்கா போட்ட பாத்தி. அதோடு வைக்கோல் தின்ற மாட்டின் எரு. வைக்கோலில் இருந்த சிலிக்கா மாட்டின் வயிற்றில் செரிக்காது, நுண்ணிய கண்ணாடிச் சில்லுகளாகச் சாணத்தில் வந்து மண்ணில் கரையும். அது எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. பாட்டில் மருந்து கலந்த போர் தண்ணீர் ஏன் 0.4 மில்லிக்கே லேசாக மங்கியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஏற்கெனவே 38 இருந்த தண்ணீரில் 104 சேர்த்தால் 142, தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் இல்லை, ஒரு பெரிய பூட்டு திறந்த மாதிரி இருந்தது. கருங்கல் பூமியில் போர் வைத்துக் கீரை போடும் எத்தனை பேர் இந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்! முதலில் தண்ணீரைப் பாருங்கள் என்று ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

இப்போது மண்ணுயிர் பக்கம். நுண்ணுயிர் பெருகும் என்பது பாட்டிலின் இன்னொரு வாக்குறுதி. எந்த நுண்ணுயிர், எத்தனை என்று பார்க்க எங்களுக்கு வசதியில்லை. மொத்தமாக அவை எவ்வளவு உழைக்கின்றன என்று பார்க்கலாம். அதற்குத் திருப்பூரில் கிடைக்காத பொருளில்லை: பனியன் கட்டிங் வேஸ்ட். பருத்தி முழுக்கச் செல்லுலோஸ். மண்ணில் புதைத்தால் அதைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் எவ்வளவு சுறுசுறுப்போ அவ்வளவு எடை குறையும். சுத்தப் பருத்தியா என்று நூல் ஒன்றை எரித்துப் பார்த்தேன். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி மணியாகத் திரளும், பருத்தி காகிதம் போலச் சாம்பலாகும். சாயம் போடாத வெள்ளைத் துணியைச் சோப்பில்லாமல் கொதிக்க வைத்து அலசி, காயவைத்து, 10 கிராம் துண்டுகளாக வெட்டினேன். விதைத்த அன்றே பாத்திக்கு ஒன்று, ஒரு சாண் ஆழத்துக்குள், படுக்கவைத்துப் புதைத்தேன். நூலில் கட்டிய குச்சி மேலே அடையாளம்.

35-ம் நாள் எடுத்தபோது சில துணி சல்லடையாக இருந்தது. கருப்பு, இளஞ்சிவப்பு, பச்சை என்று திட்டுத் திட்டாக நிறம். ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தின் குடியிருப்பு. மண் போக மெல்ல அலசிக் காயவைத்து நிறுத்ததில், பத்துக் கிராமில் சராசரியாக மிஞ்சியது: வெறும் பாத்தியில் 5.2, பொட்டாஷில் 5.3, பாட்டிலில் 5.1, உமிக்கரியில் 3.6, ஆலைச் சாம்பலில் 6.4.

பாட்டில் மண்ணுயிருக்குக் கெடுதலும் செய்யவில்லை, பெரிதாக நல்லதும் செய்யவில்லை. உமிக்கரியில் தெளிவான வேகம். ஆலைச் சாம்பலில் மந்தம். அறுவடை முடிந்து, அதே பாத்திகளில் எதுவும் சேர்க்காமல் இரண்டாம் முறை துணி புதைத்தேன். அப்போது ஆலைச் சாம்பல் பாத்தியில் மிஞ்சியது 5.0. பி.எச். 8.3-க்கு இறங்கியிருந்தது. முதல் அதிர்ச்சி கடந்ததும் நுண்ணுயிர் திரும்பிவிட்டன என்று எடுத்துக்கொண்டேன். ஒரே நேரத்தில் நிறையச் சாம்பல் கொட்டினால் மண் சில வாரம் மூச்சு முட்டும், அவ்வளவுதான்.

மூச்சையும் அளந்து பார்த்தோம். காற்றுப் புகாத ஊறுகாய் ஜாடியில் 100 கிராம் ஈர மண், உள்ளே சின்னக் கிண்ணத்தில் அளந்த காஸ்டிக் சோடாக் கரைசல், மூன்று நாள். மண்ணுயிர் விடும் கரியமில வாயுவைச் சோடா பிடித்துக்கொள்ளும். மிச்சச் சோடாவைத் தம்பி அமிலம் விட்டு அளந்து கணக்குச் சொன்னான். உமிக்கரி மண் வெறும் மண்ணைவிட அதிகம் மூச்சு விட்டது, சாம்பல் மண் குறைவாக. ஆனால் சாம்பல் கலந்த மண்ணே காரம் என்பதால் அதுவும் கொஞ்சம் வாயுவைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் இந்த அளவைவிட எனக்குத் துணியின் மேல்தான் நம்பிக்கை.

ஒன்று சொல்லிவிட வேண்டும். சிலிக்கானோடு வேம் என்ற வேர்ப்பூஞ்சையும் சேர்த்துக் கீரைக்குப் போடச் சொல்லி விற்கிறார்கள். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, பாலக் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பம் பெரும்பாலும் அந்தப் பூஞ்சையோடு கூட்டுச் சேராது. வெந்தயத்துக்கோ தக்காளிக்கோ போடலாம். சிலிக்காவைக் கரைக்கும் பாக்டீரியாவைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் உயிர் உரமாகத் தருகிறார்கள். அது கல்லை அமிலம் சுரந்து மெல்லக் கரைக்கும். நெல், கரும்பு போல மாதக்கணக்கில் நிற்கும் பயிருக்குப் பொருந்தும். 25 நாளில் பிடுங்கிவிடும் கீரையில் அதற்கு வேலை முடிக்க நேரம் கிடையாது.

பாட்டிலை அப்படியே ஒதுக்கிவிடவும் மனமில்லை. போரில் சிலிக்கா இல்லாதவர்களுக்கு? மாடியில் தென்னைநார்க் கழிவில், மழைநீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ கீரை வளர்ப்பவர்களுக்கு? அங்கே கருங்கல்லும் இல்லை, வைக்கோல் எருவும் இல்லை. சித்திரையில் ஒரு நல்ல கோடை மழை பெய்தது. ஓட்டுத் தண்ணீரை இரண்டு 200 லிட்டர் டிரம்மில் பிடித்தேன். மாலிப்டேட் விட்டால் நிறமில்லை. பன்னிரண்டு பையில் கழுவிய தென்னைநார்க் கழிவு, ஆறு பைக்குச் சிலிகேட், ஆறு பைக்கு அதே அளவு பொட்டாஷ். இந்தத் தடவை வரிசை தப்பவில்லை: டிரம் தண்ணீரில் முதலில் சிலிகேட்டை லிட்டருக்கு 0.4 மில்லி கலந்து நீர்க்கச் செய்து, அதன் பிறகே துளித்துளியாக எலுமிச்சை உப்புக் (சிட்ரிக் அமிலம்) கரைசல் விட்டுப் பி.எச். 6.5-க்கு இறக்கினேன். கண்ணாடி போலத் தெளிவாக நின்றது. தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரமும் கால்சியம் நைட்ரேட்டும் வேறு வேறு நாளில். ஒவ்வொரு ஆறிலும் மூன்று பைக்கு மட்டும், பத்தாம் நாளிலிருந்து, லிட்டருக்கு மூன்று கிராம் உப்புப் போட்ட தண்ணீர். எங்கள் போரை நினைத்துத்தான்.

உப்பு விடாத பைகளில் சிலிகேட் இருந்ததற்கும் இல்லாததற்கும் என்னால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. தம்பி பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டுக் கேட்டான், இரண்டு தடவையும் தப்பாகச் சொன்னேன். உப்பு விட்ட பைகளில் பார்வைக்கே தெரிந்தது. சிலிகேட் இல்லாத செடிகளின் அடி இலைகள் ஓரம் பழுத்துச் சுருண்டன. சிலிகேட் உள்ளவை நிமிர்ந்து நின்றன. பைக்குச் சராசரி, சிலிகேட் இல்லாததில் 160 கிராம், உள்ளதில் 210 கிராம். மூன்று மூன்று பை என்பது குறைவுதான், ஆடியில் மறுபடி செய்யப் போகிறேன். ஆனால் படித்ததோடு இது ஒத்துப்போகிறது. கஷ்டமில்லாத செடிக்குச் சிலிக்கான் பெரிதாக எதுவும் செய்வதில்லை, உப்பில் தவிக்கும் செடிக்குச் செய்கிறது. அப்படியானால் உப்புப் போரிலும் எங்கள் கீரை இந்த அளவுக்காவது தாக்குப்பிடித்ததில் அதே போரின் 38 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் பங்கிருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு. நிரூபிக்க வழியில்லை.

இலை மேல் தெளிப்பதைப் பற்றி இரண்டு வரி. பாலக் பாத்தி ஒன்றில் தெளித்துப் பார்த்தேன். காய்ந்ததும் இலை முழுக்க வெள்ளைப் புள்ளி. கழுவினால் பாதிதான் போனது. சந்தையில் வாடிக்கையாக வாங்கும் ஓர் அம்மா கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏங்கண்ணு, என்ன மருந்தடிச்சிருக்குது?" என்று கேட்டார். தீங்கில்லாத பொருள் என்று நான் விளக்கம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தக் கட்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டுக்குப் போட்டேன். இலையைத்தான் விற்கிறோம் என்றால் இலைமேல் தெளிக்காதீர்கள். வேரில் விடுங்கள்.

அதே அம்மா உமிக்கரிப் பாத்திக் கீரையை வாங்கிப் போன மறுநாள் வந்து, "தண்டு நறுக்குனு இருந்துச்சு, ராத்திரி வரைக்கும் வாடலைங்க" என்றார். நானும் அளந்திருந்தேன். காலையில் 250 கிராம் கட்டு, தண்ணீர் தெளிக்காமல் நிழலில் வைத்து மதியம் நிறுத்தால் வெறும் பாத்திக் கட்டு 205, உமிக்கரிக் கட்டு 216. உமிக்கரி போட்ட மண்ணைக் காலை வெயிலில் தோண்டிப் பார்த்தால் ஈரம் தெரியும். பக்கத்துப் பாத்தி அதற்குள் வெளுத்திருக்கும்.

ஆனால் இதைச் சிலிக்கானின் வெற்றி என்று என்னால் எழுத முடியவில்லை. உமிக்கரியில் சிலிக்காவும் உண்டு, கரியும் உண்டு. ஈரம் பிடித்ததும் நுண்ணுயிருக்கு இடம் கொடுத்ததும் கரியின் நுண்துளைகளாக இருக்கலாம். பொட்டாஷுக்குப் போக வேண்டிய பெயரைச் சிலிக்கானுக்குக் கொடுக்கப் பார்த்த அதே தப்பு இங்கேயும் காத்திருக்கிறது. இரண்டையும் பிரிக்க, கரி நிறையவும் சிலிக்கா மிகக் குறைவாகவும் உள்ள ஒன்று வேண்டும். அதற்கும் காங்கேயத்தை விட்டு நகர வேண்டியதில்லை. தேங்காய்க் களம் ஒவ்வொன்றிலும் தொட்டி (தேங்காய்ச் சிரட்டை) மலையாகக் கிடக்கிறது. தொட்டிக்கரியை இடித்து உமிக்கரி அளவுக்குச் சலித்து, அதே அரைக் கிலோ வீதம் மூன்று பாத்தி, பக்கத்தில் உமிக்கரி மூன்று, ஒன்றும் போடாதது மூன்று. போன வியாழக்கிழமை விதைத்தேன். துணியும் புதைத்தாயிற்று, இன்று காலை முளை எட்டிப் பார்க்கிறது.